மூலிகையும் குருதிப் புற்றுநோயும்: செய்தியில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

மூலிகையொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சேர்வை குருதிப் புற்றுநோய்க் கலங்களை அழிப்பதாக அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த செய்தி தொடர்பாக இக்கடிதத்தை எழுதுகிறேன். அப்படியொரு பெறுபேறு ஆய்வுகூடத்தில் கிடைத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த மூலிகை குருதிப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று தலைப்பிட்டிருந்தீர்கள். பரிசோதனை எதன்மீது நடத்தப்பட்டது, எந்தச் செறிவில் கலங்கள் இறந்தன, நோயற்ற கலங்களுக்கு அதே சேர்வை என்ன செய்தது என்ற விவரம் எதுவும் செய்தியில் இல்லை. அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பிலும் வைபரிலும் பகிர்ந்தவர்கள் தலைப்பை மட்டுமே வெட்டி அனுப்பினார்கள். சில நாட்களுக்குள் பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் வேலியோரம் நின்ற அந்தச் செடியை ஆட்கள் தேடிப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். மேலும் ஒருவரை அதைத் தேடவைக்கக் கூடாது என்பதற்காக அச்செடியின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

அரச வைத்தியசாலைகளில் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். குருதிப் பூச்சுக்கு நிறமூட்டி நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கும்போது, முதிர்ந்த வெண்குழியங்கள் இருக்கவேண்டிய இடத்தில், பெரிய கருவும் அதைச் சுற்றி ஒடுங்கிய குழியவுருவும் கொண்ட முதிராக் கலங்கள் நிரம்பிக் கிடப்பதை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் எங்கள் தொழிலைச் செய்பவர்களே. வைத்தியருக்கு அதனை அறிவிக்கின்ற வேளையில், வெளியே வாங்கில் அந்தப் பிள்ளையும் தாயும் றிப்போட்டுக்காகக் காத்திருப்பார்கள். இந்நோய்க்கு நல்ல மருந்தொன்று கிடைக்கவேண்டும் என்ற விருப்பம் எனக்கு எவரையும் விடக் குறைந்ததன்று. அம்மருந்து ஒரு செடியிலிருந்து வருமானால், அதுவும் எங்கள் மண்ணில் முளைக்கும் செடியிலிருந்து வருமானால், மிகவும் மகிழ்வேன்.

கலங்கள் மீதான நச்சுத்தன்மைப் பரிசோதனை எப்படி நடக்கிறது என்பதை, பணிக்காலத்தில் பயிற்சிக்குச் சென்ற இடத்தில் அருகிருந்து பார்த்திருக்கிறேன். அதில் பயன்படும் கலங்கள் சிகிச்சை பெறும் நோயாளியின் உடலில் இருப்பவை அல்ல. எச்.எல்.60, கே.562 என்ற பெயர்களால் அறியப்படும் கல வழிகள், 1970களில் குருதிப் புற்றுநோயாளர்களிடமிருந்து பெறப்பட்டு, அன்று தொடக்கம் உலகின் ஆய்வுகூடங்களில் வளர்ப்பூடகத்தில் பெருகிக்கொண்டே வருகின்றன. 96 சிறு குழிகள் கொண்ட, உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் தட்டொன்றில் குழிக்குச் சில ஆயிரம் கலங்கள் வீதம் இட்டு, சேர்வையை வெவ்வேறு செறிவுகளில் சேர்த்து, 37 பாகை செல்சியசில் 5 சதவீதக் காபனீரொட்சைட்டு நிறைந்த பெட்டிக்குள் வைப்பார்கள். 24, 48 அல்லது 72 மணித்தியாலங்கள் சென்றபின் எம்.ரி.ரி. என்னும் மஞ்சள் நிறச் சாயத்தை ஒவ்வொரு குழியிலும் விடுவார்கள். உயிருள்ள கலங்களின் நொதியங்கள் அச்சாயத்தை ஊதா நிறப் பளிங்குகளாக மாற்றும். இறந்த கலங்களால் அது முடியாது. பளிங்குகளைக் கரைத்து நிறத்தின் அடர்த்தியை 570 நனோமீற்றர் அலைநீளத்தில் கருவி அளக்கும். ஊதா நிறத்தைப் பாதியாகக் குறைத்த செறிவு எதுவோ, அதுவே பெறுபேறாக அறிவிக்கப்படும்.

இதில் தவறு நுழையும் வழிகள் பல உண்டு. குருதிப் புற்றுநோய்க் கலங்கள் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளாமல் மிதப்பவை; ஊடகத்தை அகற்றுமுன் தட்டை மையநீக்கியில் சுழற்றிக் கலங்களைப் படியவைக்காவிட்டால், உயிருள்ள கலங்களே ஊடகத்தோடு வெளியேறிவிடும், சேர்வை அவற்றைக் கொன்றதாகக் கணக்கில் விழும். மறுபுறத்தில், தாவரச் சேர்வைகளுள் ஒட்சியேற்ற எதிரிகள் பல, கலமே இல்லாத குழியிலும் மஞ்சள் சாயத்தைத் தாமாகவே ஊதாவாக்கிவிடும். அப்போது இறந்த கலங்கள் உயிரோடிருப்பது போலத் தோன்றும். நீரில் கரையாத சேர்வையைக் கரைக்கப் பயன்படும் டைமெதயில் சல்பொக்சைட்டும் அளவு மீறினால் கலங்களைக் கொல்லும். ஆகையால் கரைப்பான் மட்டும் இட்ட குழி, சேர்வை மட்டும் இட்ட குழி, ஏற்கெனவே மருந்தென்று அறியப்பட்ட ஒன்றை இட்ட குழி என ஒப்பீட்டுக் குழிகள் இல்லாத பரிசோதனையை எவரும் நம்பக் கூடாது. கவனமான ஆய்வாளர் எம்.ரி.ரி.யோடு நிறுத்தவும் மாட்டார். கலங்கள் ஒழுங்காகத் தம்மைத் தாமே அழித்துக்கொண்டனவா, அல்லது மென்சவ்வு கிழிந்து செத்தனவா என்பதை வேறு முறைகளால் உறுதிசெய்வார். பின்னைய வகைச் சாவை உண்டாக்கச் சவர்க்காரமே போதும்.

செறிவு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனெனில் செய்தியில் விடுபட்டவற்றுள் மிகவும் முக்கியமானது அதுவே. சுத்திகரிக்கப்படாத சாறு மில்லிலீற்றருக்கு 20 மைக்கிரோகிராமுக்குக் குறைந்த செறிவிலும், தனியாகப் பிரித்தெடுத்த சேர்வை 4 மைக்கிரோகிராமுக்குக் குறைந்த செறிவிலும் கலங்களைப் பாதியாகக் குறைத்தாலே அது மேலும் ஆராயத் தகுந்தது என்று, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அளவுகோலைப் பின்பற்றி ஆய்வாளர்கள் கொள்வார்கள். மில்லிலீற்றருக்கு 20 மைக்கிரோகிராம் என்பது சிறிதாகத் தோன்றலாம். வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி உண்டு. அக்குருதியில் மட்டும் அந்தச் செறிவை எட்ட 100 மில்லிகிராம் சாற்றுப் பொருள் ஒரே நேரத்தில் சுற்றிக்கொண்டிருக்கவேண்டும். குடித்தது குடலில் உறிஞ்சப்படவேண்டும், ஈரல் அதைச் சிதைக்காமல் விடவேண்டும், சிறுநீரகம் வெளியேற்றாமல் இருக்கவேண்டும், என்புமச்சை வரை சென்று சேரவும் வேண்டும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் தட்டில் எத்தனையோ வகைப் புற்றுநோய்க் கலங்களைக் கொன்றிருக்கிறது. உடலுக்குள் அது உறிஞ்சப்படுவதும் நிலைத்து நிற்பதும் மிகக் குறைவு என்பதால் இன்றுவரை அது புற்றுநோய் மருந்தாகவில்லை.

நோயற்ற கலங்களோடு ஒப்பிட்டோம் என்று அறிக்கைகளில் ஒரு வரி வரும். அந்த வரியையும் நின்று வாசிக்கவேண்டும். பெரும்பாலும் ஒப்பிடப்படுபவை ஆரோக்கியமான ஒருவரின் குருதியிலிருந்து எடுத்த நிணநீர்க் குழியங்கள். அவை இரண்டாகப் பிரிந்து பெருகாமல் ஓய்ந்திருப்பவை. பிரியும் கலத்தைத் தாக்கும் நஞ்சு ஓய்ந்திருக்கும் கலத்தை ஒன்றும் செய்யாது, ஆகவே சேர்வை நோய்க் கலத்தை மட்டும் தெரிந்து கொல்வதாகத் தோன்றும். நம் உடலிலோ என்புமச்சையும் குடலின் உட்சுவரும் மயிர்வேரும் இரவு பகலாகப் பிரிந்துகொண்டிருக்கின்றன. சிவப்பு போஞ்சி விதையிலிருந்து பெறும் ஒரு புரதத்தால் நிணநீர்க் குழியங்களைத் தூண்டிப் பிரியச் செய்து, அதன்பின் ஒப்பிடும் முறையொன்று உண்டு. அப்படிச் செய்திருந்தால் ஒப்பீட்டுக்கு மதிப்பு அதிகம்.

கலத்தைக் கொல்வது மருந்தாகிவிடாது என்பதற்கு வன்னியில் எவரும் அறிந்த சான்று கார்த்திகைப் பூ. மாரியில் பற்றைகளிலும் வேலிகளிலும் படர்ந்து பூக்கும் அக்கொடியின் கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்னும் சேர்வை இருக்கிறது. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் கொண்டு சேர்க்கும் நுண்புன்குழாய்கள் உருவாகாமல் அது தடுக்கும். கலம் பிரிவின் நடுவில் நின்று இறந்துபோகும். தட்டிலுள்ள குருதிப் புற்றுநோய்க் கலங்களில் கொல்கிசினை இட்டால் மிகச் சிறிய செறிவிலேயே அவை மடியும். தலைப்பிடுவதற்கு அதைவிட எடுப்பான பெறுபேறு கிடைக்காது. அதே கிழங்கை வத்தாளங்கிழங்கென்று நினைத்து அவித்து உண்டவர்களைப் பற்றி இலங்கை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். பின்னர் என்புமச்சை நலிந்து வெண்குழியங்களும் குருதிச் சிறுதட்டுகளும் வீழ்ச்சியடையும். தப்பிப் பிழைத்தவருக்கும் ஓரிரு வாரங்களில் தலைமயிர் கொட்டும். கீல்வாதத்துக்குக் கொல்கிசினை மிகச் சிறிய அளவில் மருந்தாகக் கொடுப்பதுண்டு. புற்றுநோய்க்கு அது மருந்தாகாமைக்குக் காரணம், நோய்க் கலத்தைக் கொல்லும் அளவும் நோயாளியைக் கொல்லும் அளவும் அத்தனை நெருக்கமாக இருப்பதே.

அதே நுண்புன்குழாயைத் தாக்கும் வேறொரு தாவரச் சேர்வை மருந்தாகியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அது வந்த வழியை அறிந்தால், செடிக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தூரம் விளங்கும். முற்றங்களிலும் கோயில் வளவுகளிலும் பூக்கும் பட்டிப்பூ, மடகஸ்காரைத் தாயகமாகக் கொண்டது. யமெய்க்காவில் அதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடித்தார்கள். 1952இல் அவ்விலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொபேட் நோபிளின் கைக்கு வந்தன. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. ஊசியால் ஏற்றியபோது எலிகள் தொற்று நோயால் இறந்தன. பார்த்தால், வெண்குழியங்கள் வீழ்ந்து என்புமச்சை பாழாகியிருந்தது. வெண்குழியத்தைக் குறைக்கும் நஞ்சு, வெண்குழியங்கள் கட்டுமீறிப் பெருகும் நோயில் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தோடு நோபிளும் சாள்ஸ் பியரும் அச்சேர்வையைப் பிரித்தெடுத்து, 1958இல் வெளிப்படுத்தினார்கள். அதுவே வின்பிளாஸ்ரின். அதே செடியிலிருந்து அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தினர் பெற்ற வின்கிறிஸ்ரின் 1963இல் அங்கு அனுமதி பெற்றது. 1960களின் தொடக்கத்தில் கடும் குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுள் பத்தில் ஒருவர்கூட நெடுங்காலம் பிழைப்பதில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் அந்நோயின் மிகப் பொதுவான வகையில் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் குணமடைகிறார்கள். அந்தச் சிகிச்சையின் தூண்களுள் ஒன்று வின்கிறிஸ்ரின்.

இதனைப் படித்துவிட்டுப் பட்டிப்பூ இலையை எவரும் அவிக்கக் கூடாது. ஒரு கிராம் மருந்தைப் பெறப் பல நூறு கிலோகிராம் உலர்ந்த இலை வேண்டும்; இலையிலோ அதனோடு வேறு பல அல்கலோயிட்டுகளும் கலந்திருக்கின்றன. வின்கிறிஸ்ரின் நாளத்தின் வழியாக மட்டுமே ஏற்றப்படும். நாளத்துக்கு வெளியே கசிந்தால் இழையம் வெந்துபோகும், முண்ணாண் பாய்பொருளுக்குள் தவறிச் சென்றால் உயிர் போகும். அத்தவறு நிகழாதிருக்க, ஊசிக்குழலில் அல்லாமல் சிறு திரவப் பையில் கலந்தே ஏற்றவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. வளர்ந்தவருக்கும் ஒரு தடவைக்குக் கொடுக்கும் அளவு வழமையாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதற்குள்ளேயே கைகால் நரம்புகள் மரத்துப்போவதும் மலச்சிக்கலும் வருகின்றன; அவற்றைக் கவனித்து அளவைக் கூட்டிக் குறைப்பதற்கு வைத்தியர் இருக்கிறார். மருந்தான வேறு தாவரச் சேர்வைகளின் கதையும் இதுவே. சீன மரமொன்றிலிருந்து 1966இல் பிரித்தெடுக்கப்பட்ட கம்ப்டோதெசின் மனிதரில் சோதிக்கப்பட்டபோது கடும் பக்க விளைவுகளால் கைவிடப்பட்டது; அதை மாற்றியமைத்த மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற 1996 ஆகிவிட்டது. பொடோபில்லம் செடியின் சேர்வையிலிருந்து உருவாக்கிய எட்டொபோசைட்டு புற்றுநோயைக் குணப்படுத்த உதவுகிறது. சிலரில் சில ஆண்டுகளின் பின் அதுவே குருதிப் புற்றுநோயைத் தோற்றுவித்தும் இருக்கிறது.

நாட்டு வைத்தியத்தைக் குறைத்துச் சொல்வதாக எவரும் இதை எடுத்துக்கொள்ளவேண்டாம். நஞ்சுள்ள சரக்கைச் சுத்தி செய்யாமல் எந்த நல்ல சித்த வைத்தியரும் தொடமாட்டார். கார்த்திகைக் கிழங்குக்கும் சேங்கொட்டைக்கும் அவர்கள் காட்டும் எச்சரிக்கை, வட்ஸ்அப்பில் வரும் பச்சிலைச் சாற்றுக் குறிப்புகளில் அறவே இல்லை. கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிச்சக்கை வகையொன்று ஆகியவை சேர்ந்த, பரம்பரை வைத்தியர்கள் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த கசாயத்தை இலங்கை ஆய்வாளர்கள் ஈரல் புற்றுநோய்க் கலங்களிலும் எலிகளிலும் ஆண்டுக்கணக்காகப் பொறுமையுடன் சோதித்திருக்கிறார்கள். கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் எங்கள் செடிகளை இப்படிச் சோதிக்கும் நாளை நானும் எதிர்பார்த்திருக்கிறேன்.

வன்னியில் இத்தகைய செய்தி வேறெங்கும் விட அதிகம் தீங்கு செய்யும் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை இலவசம், ஆனால் அது தொலைவில் இருக்கிறது. முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகிறவர் பரந்தன் வரை ஒரு பஸ், யாழ்ப்பாணம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறவேண்டும். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையோடு தாய் வாரக்கணக்கில் அங்கே தங்க, தகப்பன் கூலிவேலையை விடாமல் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்ததையும் மக்கள் மறக்கவில்லை. இந்த நிலையில், வேலியோரத்தில் நிற்கும் செடி போதும் என்று பத்திரிகை சொன்னால் எந்தத் தாய்தான் திரும்பிப் பார்க்கமாட்டாள்?

செய்தி வந்த வாரத்தில் அப்படியொரு தாயார் என்னைத் தேடி வந்தார். அவரது மகன் தீவிர சிகிச்சைக் கட்டம் முடிந்து, வீட்டிலிருந்தே மாத்திரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்வரும் நிலையில் இருக்கிறான். பொலித்தீன் பையில் சுற்றியிருந்த கிளினிக் கொப்பியை விரித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில், கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களான நடுநாட்டக் குழியங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தது. காய்ச்சல் கண்டால் உடனே வரும்படி சிவப்புப் பேனையால் கோடிட்டிருந்தார்கள். அந்த எண்ணிக்கையோடு இருக்கும் பிள்ளைக்கு, வேலியில் பிடுங்கி அம்மியில் அரைத்த பச்சிலைச் சாறு கொடுத்தால், இலையின் சேர்வை என்ன செய்யும் என்பதற்கு முன்னரே அதிலுள்ள கிருமிகள் போதும். வின்கிறிஸ்ரின் ஈரலிலுள்ள நொதியத் தொகுதியொன்றால் சிதைக்கப்படுவது. அந்நொதியத்தைத் தடுக்கும் எதையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் தங்கி நஞ்சாகும் என்பதையும் அவருக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், “பேப்பரிலயே போட்டிருக்கினம் ஐயா, பொய்யெண்டால் போடுவினமே?” என்றார். வைத்தியரைக் கேட்காமல் எதுவும் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால், கேட்க ஆளில்லாத வீடுகள் எத்தனையோ.

அந்தத் தாய் தங்கள் பத்திரிகை மீது வைத்திருக்கும் நம்பிக்கையைக் கருதியே இதனைக் கேட்கிறேன். இனிமேல் இவ்வகை ஆய்வுச் செய்தியை வெளியிடும்போது, பரிசோதனை தட்டிலுள்ள கலங்களிலா, விலங்கிலா, மனிதரிலா நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே எழுதுங்கள். தட்டில் நடந்ததென்றால் ‘குணப்படுத்தும்’ என்ற சொல்லைத் தலைப்பில் இடாதீர்கள். சாறா தனிச் சேர்வையா, என்ன செறிவு, எந்த நோயற்ற கலங்களோடு ஒப்பிட்டார்கள் என்பதை ஆய்வாளரிடமே கேட்டு எழுதலாம். விடை சொல்ல முடியாத ஆய்வாளர் எவரும் இருக்கமாட்டார். மனிதரில் சோதனைக்கு வந்துசேரும் புற்றுநோய் மருந்துகளிலேயே பத்தில் ஒன்றுகூட அனுமதி பெறுவதில்லை. அதற்கு முன்பு தட்டோடும் எலியோடும் நின்றுபோனவற்றுக்குக் கணக்கே இல்லை.

அண்மைய செய்திக்கான விளக்கத்தை, அது வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒரு விடயம் கட்டாயம் இடம்பெறவேண்டும். அந்த இலையின் சாற்றை ஏற்கெனவே பிள்ளைக்குக் கொடுத்திருப்பவர்கள், ஏச்சு விழும் என்று பயந்து மறைக்காமல், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல், சிகிச்சை அளிக்கும் பிரிவுக்கு உடனே அறிவிக்கவேண்டும். எவ்வளவு, எத்தனை நாள் கொடுத்தார்கள் என்பதைச் சொல்வதோடு, செடியின் ஒரு கிளையையும் கையோடு கொண்டுபோகவேண்டும். காய்ச்சல், வாய்ப்புண், வயிற்றோட்டம், கண் மஞ்சளாதல் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ பஸ் பார்த்து நிற்காமல், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அன்றைக்கே பிள்ளையைக் கொண்டுசெல்லவேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
கிளிநொச்சி.